தகட்டுக்கு வாங்கிய அமிலம்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் நானும் மனைவியும் குடியிருந்தோம். நான் சித்திர வாத்தியார். தகட்டில் படம் கீறி அச்சிடும் வேலை, கொழும்பில் படித்தபோது பிடித்துக்கொண்டது. துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றித் தாளை வைத்து அழுத்தினால் படம். பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை போடும் பெண்கள், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கக் குளிரில் நிற்பவர்கள், இப்படித்தான் கீறுவேன். அமிலத்தில் கிளம்பும் குமிழிகளைக் கோழி இறகால் தள்ளிவிடுவது மனைவியின் வேலை.

எண்பத்து மூன்று ஜூலையில் ஒரு பகல், தமிழரை அடிக்க லொறியில் வந்தவர்கள், கீழே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். சனங்கள் தேயிலைக்குள் ஓடினார்கள். நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் லொறிக்காரர்களில் சிலர் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் கையில் இரும்புக் கம்பி. கையைத் தூக்கித் தடுத்தேன். முதல் அடியிலேயே வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். இன்னொருவன் என் விரல்களைச் செருப்புக் காலால் நசுக்கினான்.

"விடுங்கடா அவர!"

மனைவி, தண்ணீர் கலக்காத அமிலப் போத்தலோடு நின்றாள். "கிட்ட வந்தா ஊத்திருவேன்!" சிங்களத்திலும் அதையே கத்தினாள். கம்பிக்காரன் சிரித்துக்கொண்டே மறுபடி ஓங்கினான். அவள் ஊற்றிவிட்டாள்.

அவன் கன்னமும் கழுத்தும் மஞ்சளாகிப் புகைந்தன. "அம்மே, அம்மே" என்று அலறிப் புரண்டான். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"எந்திரிங்க, ஆள் கூட்டிட்டு வருவானுங்க" என்று என்னைத் தூக்கினாள். அவள் கையிலும் தோல் வெந்திருந்தது. பின்பக்கமாகத் தேயிலைக்குள் இறங்கினோம். மலை ஏறித் திரும்பிப் பார்த்தபோது வீடு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கோயில் மடத்தில் அகதிகளாகக் கிடந்தோம். என் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்.

"அவன் பொழச்சிருப்பானாங்க?"

"தெரியலம்மா."

அவன் செத்துத் தொலைந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கிருந்தது. அதைச் சொல்லவில்லை.

"இனிமே அந்த அமிலம் வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க."

வரவில்லை. வெறும் தகட்டில் ஊசியை அழுத்தி, இடது கையால் கீறப் பழகினேன். முதலில் கீறியது, எரிந்த லயத்தில் கூரைத் தகரத்தைப் புரட்டிச் சட்டி தேடும் ஒரு பெண்ணை. கண்டியில் ஒரு நண்பரின் அச்சு எந்திரத்தில் அதை எடுத்தோம். கோடுகள் முரடாக, கோணலாக விழுந்திருந்தன. மனைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஈரத்தாளைக் கயிற்றில் காயப் போட்டாள்.