கிழக்கே முறி

மூன்று வருடம் திருவனந்தபுரத்தில் சிமென்ட் சட்டி சுமந்த பிறகு, கொத்தனாராக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. நெடுமங்காடு தாண்டி, பொன்முடி போகிற வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வீடு. ஆறு மாதப் பூச்சு வேலை. அந்தத் தைரியத்தில் தென்காசியிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்துவந்து கரமனையில் குடிவைத்தேன். மகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று. இது போனால் மறுபடி சட்டிதான்.

முதலாளிக்கு எழுபது வயதிருக்கும். ஊர்க்காரர்கள் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "வட்டாணு" என்பார்கள். கிறுக்கு என்று அர்த்தம். சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் குளமே இல்லாத இடத்தில் ஒரு படித்துறை கட்டியிருந்தார். இன்னொரு பக்கம் சுவரில்லாமல் ஒரு வாசல் மட்டும், நிலையும் கதவும் பூட்டுமாக நிற்கும். தினமும் காலையில் அதைத் திறந்து வைப்பார். நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம். உள்ளே அறை கிடையாது. உச்சியில் ஒரே ஒரு சிமென்ட் நாற்காலி.

முதலில் நானும் சிரித்தேன். பூச்சு தொடங்குமுன் மணலும் சிமென்டும் இறக்கிய நாட்களில், ஒருநாள் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். படிகள் எல்லாம் குழந்தை ஏறுகிற உயரத்தில், அத்தனை தாழ்வு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நூலளவு பிசகில்லை. கிறுக்குத்தனத்தை இவ்வளவு நேர்த்தியாகக் கட்ட முடியுமா என்று அசந்துபோனேன்.

அவர் மனைவி நடக்க முடியாமல் பல வருடமாகப் பின்கட்டில் படுத்திருந்தார். பூச்சு தொடங்க வேண்டிய நாளில் முதலாளி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று போனில் கேட்டேன். "ஆத்யம் கிழக்கே முறி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆத்யம் என்றால் முதலில். அது தெரியும். இந்த ஊரில் மரத்தை முறிக்கிறார்கள், ரொட்டியை முறிக்கிறார்கள், சுவரையும் முறிப்பார்களாக்கும் என்று நினைத்தேன். குளமில்லாமல் படித்துறை கட்டுகிறவரிடம் ஏன், எதற்கு என்று யார் கேட்பது? கிழக்கு அறையில் ஜன்னல் கிடையாது. மத்தியானத்துக்குள் அதன் வெளிப்பக்கச் செம்மண் வெட்டுக்கல் சுவரில், ஆள் உயரத்துக்கு, இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டேன்.

கார் வந்தது. உள்ளே வந்தவர் கத்தினார்.

"எந்தா இது? முறி எந்நு பறஞ்ஞா ரூம்! ரூம் பூசானா பறஞ்ஞது!"

அறையைப் பூசத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று வருடமும் நம்ம ஊர் ஆட்களோடே கிடந்தவனுக்கு அறையை முறி என்பார்கள் என்று எப்படித் தெரியும்?

"மொதலாளி, ஒடைக்கச் சொல்லுதீயன்னு நெனச்சிட்டேன். நாளைக்குள்ள கெட்டித் தாரேன்."

அவர் கேட்கவில்லை. ஓட்டை வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் முற்றிய ரப்பரை அந்த வருடம்தான் வெட்டியிருந்தார்கள். வெட்டவெளிக்கு அப்பால் பொன்முடி மலை முழுசாக நின்றது. விறுவிறுவென்று வெளியே போனவர், மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்து, அந்தச் செம்மண் தூசிக்கு நடுவே நிறுத்தினார்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"மஞ்ஞுண்டல்லோ," என்றார். மலையில் பனி இறங்கியிருந்தது.

முதலாளி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், "இவளுக்கு மலை காட்டான் வேண்டியாக்கும் டவர் கெட்டியது. காலு முட்டு வேதனெ, அதான் படி சின்னது. கெட்டித் தீர்ந்தப்போ இவளுக்கு நடக்கவே முடியலெ" என்றார். அந்தப் படித்துறையும் சுவரில்லாத வாசலும் எதற்கு என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை தெரியாது.

"அப்போ பூச்சு வேல?" என்றேன்.

மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இனி ஒந்நும் பணியண்டா."

இனி எதுவும் கட்ட வேண்டாம், பூசவும் வேண்டாம். எந்த வேலை போய்விடும் என்று நடுங்கினேனோ அது போய்விட்டது, நான் செய்த தப்பு அவ்வளவு சரியாக அமைந்துவிட்டதால். கரமனையில் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடியே கரண்டியைப் பையில் போட்டேன். ஆனால் உடைந்த கல் கூர் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கை அதன் பக்கத்திலேயே இருந்தது. கலவை குழைத்து, ஓட்டையின் விளிம்பை மட்டும் சுற்றி வழுவழுவென்று பூசிவிட்டுக் கிளம்பினேன். கொத்தனாராக நான் பூசிய முதல் பூச்சு அதுதான்.