நொட்டாங்கைத் தையல்

அவளைப் பார்த்து நான் வயிறெரிய ஆரம்பித்தது, கோலாலம்பூரில் மருத்துவம் படித்தபோது எங்களுக்கு வைத்த ஒரு வார அறுவைப் பயிற்சியில்தான். எழுபதுகளின் கடைசி. முடிச்சுப் போடுவது, ஊசி பிடிப்பது, கோழித்தொடையைக் கீறி மறுபடி தைப்பது, இவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் எல்லோருடைய கோழியும் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவளுடைய கோழியில் மட்டும் தையல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அவள் என் அறைத்தோழி, காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், இடக்கைக்காரி. அங்கிருந்த கருவிகளெல்லாம் வலது கைக்கென்று செய்தவை. ஊசி பிடிக்கும் இடுக்கியின் கொக்கி இடது கைக்கு லேசில் விடுபடாது. அவள் கட்டைவிரலை எதிர்ப்பக்கமாகத் தள்ளி விடுவிக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். எனக்கோ சரியான கை, சரியான கருவி, கட்டில் கம்பியிலெல்லாம் முடிச்சுப் போட்டுப் பழகிய பழக்கம், எல்லாம் இருந்தும் நூல் தளர்ந்துகொண்டே இருந்தது. கடைசி நாளில் ஒருவருக்கு மட்டும் உண்மையான அறுவையில் தோலைத் தைக்க வாய்ப்பு. சர்ஜன் அவளைக் கூப்பிட்டார். நான் கை வலிக்கத் தட்டினேன், அவள் ஊசி உடைய வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே.

அந்த ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், அம்மாவிடம் முறுக்குத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டாள். அவள் பஸ் ஏறியதும் அம்மா சொன்னார்:

"நல்ல பிள்ளதான் லா. ஆனா நொட்டாங்கை. அந்தக் கைய நம்பி யாரு வயித்தக் காட்டுவா?"

எனக்கு அப்படி இனித்தது. பல வருடம் அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் சர்ஜன் ஆனாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் கிளினிக் வைத்துக் காய்ச்சலும் இருமலும் பார்த்தேன்.

பிறகு அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலியில் சுருண்டு கிடந்தார். தெரிந்த டாக்டர்கள் கோலாலம்பூரின் பெரிய பெரிய சர்ஜன்களைச் சொன்னார்கள். நான் எதையும் காதில் வாங்காமல் காரைக் கிள்ளானுக்கு, அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கு விட்டேன். அவள் போட்ட ஒவ்வொரு தையலையும் குறை தேடித் தேடிப் பார்த்தவள் நான். அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தைக்க வரவில்லை என்றாலும், நல்ல தையல் எது என்று பார்க்கும் கண் வந்துவிட்டிருந்தது.

"யாரும்மா டாக்டரு?" என்று அம்மா காரில் கேட்டார்.

"முறுக்குத் தட்ட நொட்டாங்கையால குடுத்தாளே, அவதான்."

அம்மா வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னா சரி" என்றார்.

கட்டுப் பிரித்த அன்று குனிந்து தையலைப் பார்த்தேன். அப்போதும் குறைதான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது, என்னை வாங்கிவரச் சொல்லியிருந்த புடவையை அம்மா அவளிடம் நீட்டினார். அவள் மரியாதையாக வலது கையை நீட்டினாள்.

"அது வேணாம்மா. அந்தக் கையக் குடு."

அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்து, அதில் புடவையை வைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் கையை அம்மா ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.