இரண்டு ஜன்னல், ஒரு பால்கனி

ஒரே பொருளை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கப் பழகியவருக்கு, அது ஒரே பொருள்தான் என்பது எந்த நொடியில் மறந்துபோகிறது? கட்டடப் படம் வரையும் இந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அலுவலகத்தில் அவளுக்கு ரெட்டைக்கண் என்று பெயர். கணினித் திரையை நட்டநடுவே பிளந்து, இடது ஜன்னலில் கட்டடத்தை மேலிருந்தும், வலது ஜன்னலில் அதையே குறுக்கே வெட்டியும் வைத்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தபடிதான் வரைவாள்.

"ஒரு கண்ணுல தூங்கிக்கிட்டே இன்னொரு கண்ணுல வேலை பாக்கலாம். கொடுத்து வச்சவங்க" என்பார் பக்கத்து மேஜைக்காரர்.

"நீங்க ரெண்டு கண்ணுலயும் தூங்குறீங்க. நான் ஏதாவது கேட்டேனா?" என்பாள்.

குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கற்றுக்கொண்ட தொழில். கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. விடாப்பிடிக்காரி. தம்பி படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, முதலாளியான என்ஜினியரிடம் நடையாய் நடந்து அவனைச் சைட் மேற்பார்வைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

அன்று மதியம் சாப்பிட்டு வந்து, முந்தின நாள் சைட்டுக்கு அனுப்பியிருந்த வீட்டின் படத்தைத் திறந்தாள். படிக்கட்டில் ஏதோ ஒரு அளவு சரிபார்க்க வேண்டியிருந்தது. அது முடிந்ததும் வலது ஜன்னலை இழுத்துப் பால்கனிக்குக் கொண்டுவந்தாள். பால்கனியின் மேல்பக்கம் கம்பிக் கோடு இல்லாமல் வெறிச்சென்று இருந்தது.

சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனிக்குக் கீழே தூண் கிடையாது. மேல்பக்கம் ஓடும் கம்பிதான் அதை இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கம்பி இல்லாவிட்டால், முட்டுக் கொடுத்த பலகையைப் பிரிக்கும்போதோ, நாலு பேர் ஏறி நிற்கும்போதோ, அடியோடு முறிந்து விழும்.

லேயர் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு வகைக் கோட்டுக்கும் ஒரு லேயர், அதன் பக்கத்தில் ஒரு குட்டி பல்பு. பல்பை அணைத்தால் கோடு மறையும். மேல்கம்பியின் பல்பு அணைந்து கிடந்தது.

அணைத்தவள் அவளேதான். முந்தின நாள் இடது ஜன்னலில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியபோது, கண்ணுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அணைத்தாள். அந்த ஜன்னலில் மட்டும் மறையும் என்று நினைப்பு. அதற்கு வேறொரு பொத்தான் உண்டு. அவசரத்தில் பல்பை அமுக்கிவிட்டாள். ஜன்னல் இரண்டானாலும் படம் ஒன்றுதானே. வலது ஜன்னல் அப்போது படிக்கட்டில் நின்றுகொண்டிருந்ததால், அங்கேயும் கம்பி காணாமல்போனது கண்ணில் படவில்லை. அப்படியே பிரின்ட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

இன்றைக்குத்தான் அந்தப் பால்கனிக்குக் கான்கிரீட்.

சைட்டில் இருந்த தம்பிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

"என்னக்கா, லாரி நிக்குது. சீக்கிரம் சொல்லு."

"பால்கனில மேல கம்பி கட்டியிருக்கா?"

"மேலயா? படத்துல கீழ மட்டும்தானே இருந்துச்சு. கம்பி கட்டுறவர்கூடக் கேட்டாரு. படத்துல இருக்குறத மட்டும் செய்யுங்கன்னுட்டேன்."

"டேய், நிறுத்துடா! கொட்டாதே!"

"பாதி கொட்டியாச்சேக்கா."

"நிறுத்துடான்னா! என் தப்பு. கம்பி லேயர அணைச்சு வச்சுட்டேன். இறுகுறதுக்குள்ள எல்லாத்தையும் வாரி வெளிய போடு!"

போனை வைக்காமலே அவன் கத்திக்கொண்டு ஓடினான். கான்கிரீட் இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. நிற்கிற வழியாகவே தெரியவில்லை. காது சுடச் சுட அவள் போனை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒருவழியாக இரைச்சல் அடங்கி, மண்வெட்டிகள் பலகையில் உரசும் சத்தம் கேட்டது.

"வாரிட்டிருக்காங்க" என்றான் தம்பி, மூச்சு வாங்க. "அக்கா, லாரிக்காரர் இந்நேரம் என்ஜினியருக்குச் சொல்லியிருப்பாரு. நீ வாயத் திறக்காத. படத்துல இருந்துச்சு, நான்தான் பாக்கலன்னு சொல்லிக்கிறேன்."

"வேலைய விட்டுத் தூக்கிடுவாருடா."

"தூக்கட்டும். நான் ஒண்டிக்கட்டை. உன் வீட்டுல அடுப்பு எரியறதே உன் சம்பளத்துலதான். அதோட, மேல கம்பி இல்லாம பால்கனி நிக்காதுன்னு படிச்சவன் நான். கேட்டிருக்கணும்ல? பிரின்டைக் கிழிச்சுடறேன். நீ பல்பப் போட்டு வை."

போனை வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நான் எதையும் கேக்கலம்மா" என்றார் மெதுவாக.

உள்ளறையில் என்ஜினியரின் குரல் உயர்ந்தது. "என்னடா சொல்றே? படத்துல இருந்தத நீ பாக்கலையா?" கதவு திறந்தது. காதில் போனோடு அவளுடைய மேஜையை நோக்கி வந்தார்.

அவள் விரல் பல்பை அமுக்கியது. இரண்டு ஜன்னல்களிலும் சிவப்புக் கோடு வந்து உட்கார்ந்தது.

என்ஜினியர் குனிந்து பார்த்தார். "இதோ இருக்கே! இவ்வளவு தெளிவா இருக்கே! கண்ண எங்க வச்சிருந்தே, கழுதை? நாளைலேர்ந்து சைட்டுப் பக்கம் வராத." போனைத் துண்டித்துவிட்டு அவளிடம் திரும்பினார். "நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. உன் படம் சுத்தம்."

அவள் தலையாட்டினாள். அவர் தன் அறைக்கு நடந்தார். முடிந்துவிட்டது. பால்கனி பிழைத்தது, அவள் வேலையும் பிழைத்தது, தம்பி கேட்டதும் இதைத்தான். பக்கத்து மேஜைக்காரர் மூச்சை வெளியே விட்டது அவளுக்குக் கேட்டது.

என்ஜினியர் கதவில் கை வைத்தபோது, "சார்" என்றாள்.

அவர் திரும்பி வந்தார். அவள் பல்பை அமுக்கினாள். இரண்டு ஜன்னல்களிலும் ஒரே நொடியில் சிவப்புக் கோடு அணைந்தது.

"சைட்டுக்குப் போனது இதுதான் சார்."

வேலை அவளுக்குத்தான் போயிற்று. தம்பி சைட்டிலேயே நீடித்தான். அவனுக்கு அது ஆறவே இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பான்.

"சொல்றதா இருந்தா முதல்லயே சொல்லியிருக்கணும். இல்லன்னா கடைசி வரைக்கும் கம்முனு இருந்திருக்கணும். பல்பப் போட்டுக் காட்டிட்டு, அந்தாளு திரும்பிப் போன பிறகு எதுக்குக்கா கூப்பிட்டே?"

"அந்தப் பால்கனிக்கு மேல கம்பி கட்டியாச்சா இல்லையா?"

"கட்டியாச்சு. அதயா கேட்டேன்?"

அவள் அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள்.