நான் இழுத்த கால்

எங்கள் பக்கத்தில் கால் சுளுக்கினால் யாரும் ஐஸ் தேடுவதில்லை. எண்ணெய் தடவி இழுத்துவிடுகிற ஆசானிடம் போவார்கள். வாலிபால் ஆடிய காலத்தில் நாலைந்து முறை ஆசான் முன்னால் காலை நீட்டியவன் நான். பார்த்ததை வைத்தே அந்த வித்தை எனக்கும் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருத்தியின் காலோடு நிறுத்திக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவி பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதம் மடங்கி விழுந்தாள். துணிக்கடையில் பகல் முழுக்க நின்று வேலை செய்கிறவள். வீட்டுக்கு வந்தபோது கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது.

"ஆசுபத்திரிக்குப் போவமா?" என்றாள்.

"இதுக்கெல்லாமா? ஒரு இழுப்புல சரியாக்கித் தாறேன்" என்றேன்.

எண்ணெயைச் சூடாக்கி, பெருவிரலால் அழுத்தித் தடவி, குதிகாலைப் பிடித்து ஒரே இழுப்பு. அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

காலையில் கால் கறுத்து, செருப்பில் நுழையாத அளவு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். யாராவது தடவி இழுத்தார்களா என்று கேட்டார்.

"இல்லே டாக்டரே. காலத்தே எழும்பினப்போ பாத்ரூம்ல பின்னயும் ஒருக்க வழுக்கிட்டேன்" என்றாள் அவள்.

பார்த்து நடக்கக் கூடாதா என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. சூடும் தடவலும் கூடவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, தலையணைமேல் கால். சீக்கிரம் ஆற வேண்டியது, இனி ஆறு வாரமாவது ஆகும் என்றார்.

மூன்றாவது வாரம் கடையில் வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள். அவள் கட்டிலில் இருந்தபடி, சொல்லிக்கொடுத்த பயிற்சியாகக் கால்விரலால் காற்றில் எழுத்துகள் எழுதினாள். நான் சோறு வடித்தேன், துணி துவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் புகழ்ந்தபோது குறுகிப்போனேன்.

கடைசியாகக் காட்டப் போன அன்று, அவள் மருந்து வாங்க வெளியே போனதும் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "பெருவிரல் பதிஞ்ச பாடு காலில உண்டாயிருந்து. அவங்க வழுக்கினதா சொன்னப்போ நான் உங்க முகத்தத்தான் பாத்தேன்."

அவர் பார்த்தது எனக்குத் தெரியாது. நான் அப்போது சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.