மேல் வரியா, கீழ் வரியா

போன வெள்ளிக்கிழமை பெங்களூர் பொம்மனஹள்ளியில் பஸ் ஏறினேன். டிரைவர் ஊதுபத்தி கொளுத்தி முன்கண்ணாடி ஓரமாகச் செருகினார். மல்லிகை வாசனை மூக்கில் ஏறியதும் என் கட்டைவிரல்கள் இரண்டும் தானாக அசைந்தன. சாமி நினைப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு ரோபோ நினைப்பு வருகிறது. என்ன செய்ய?

கணக்குப் பரீட்சை என்றாலே எனக்கு வாந்தி வரும். அதனால் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, ஸ்ரீராம்புரத்தில் ஊதுபத்தி பாக்கெட் போடப் போனேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம். ஞாயிறு மதியம் அன்வர் பாயின் வீடியோ கேம் கடையில் இருப்பேன். எனக்கு அடுத்து ஜாய்ஸ்டிக்கை வாங்குகிறவன் மோந்து பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, ரோபோவுக்கு பூஜை போட்டியா?" என்பான்.

வாத்தியார் என்றது கேலிதான். பாதி மரியாதையும் உண்டு. அங்கே எல்லோரும் அடித்துக்கொண்டது ஒரே சிடிக்கு. ஏதோ ஜப்பான் கார்ட்டூன் தொடரை வைத்துச் செய்த கேம். நாலு மாடி உயர ரோபோக்கள், உள்ளே உட்கார்ந்து அவற்றை ஓட்டுகிற ஆட்கள். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. தெரியாமல் எதையாவது அமுக்கித் தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில், எழுத்துகளின் உருவத்தை ஓர் அட்டையில் வரைந்து வைத்தேன்; அந்த மரியாதை இதற்குத்தான். ஏணி மாதிரி இருந்தால் ஏவுகணை, கூடாரம் மாதிரி இருந்தால் கத்தி. இந்த அக்கறை பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால்... சரி, அது எதற்கு இப்போது. திரையில் இரண்டு வரி காட்டி எது என்று கேட்டால் மேல் வரியைத்தான் அமுக்குவோம். ஒருமுறை ஒருவன் கீழ் வரியை அமுக்கியதில் ஆடி வைத்ததெல்லாம் அழிந்துபோயிற்று. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

தகரப் பட்டறையில் வேலை பார்த்த முரளி, மூன்று மாதம் ஆடி கடைசிச் சண்டைவரை வந்துவிட்டான். கடையில் வேறு யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த வாரம் பார்த்து அவன் கட்டைவிரலைத் தகரம் கிழித்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வந்து ஜாய்ஸ்டிக்கை என்னிடம் கொடுத்தான்.

"நான் சொல்றத மட்டும் அமுக்கு மச்சா. உன் மூளைய யூஸ் பண்ணாத."

எதிரியின் சிவப்பு ரோபோவை ஓட்டுகிறவன் முகம் திரை முழுக்க வந்தது. ஏதோ பேசினான். கன்னத்தில் ஒரு சொட்டு.

"அழுவுறானா, வேர்வையா?" என்றார் பாய்.

இரண்டு வரி வந்தது.

"மேல," என்றான் முரளி.

எனக்கும் தெரியும். ஆனால் அழுகிறவன் என்ன கேட்கிறான் என்று தெரியாமல் எப்படி அடிப்பது? பொம்மைக்காகவும் கவலைப்படுகிற ஆள் நான். அதோடு, கீழே என்னதான் இருக்கிறது என்று பல நாளாக அரித்துக்கொண்டிருந்தது. விரல் கீழே போய்விட்டது.

சிவப்பு ரோபோ துப்பாக்கியைக் கீழே போட்டது. இரண்டு ரோபோக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின, ஆட்டம் முதல் கட்டத்துக்குப் போய்விட்டது. சண்டையே இல்லை.

"ஒரு அடிகூட அடிக்கலடா! மூணு மாசம்!" முரளி கட்டுப்போட்ட கையாலேயே என் மண்டையில் ஒன்று வைத்தான். வலித்தது அவனுக்குத்தான்.

"விடு குரு, அழுவுறவன அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் பாய் முரளியிடம்.

"நீ சும்னே இரு பாய்!"

நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இனி என்னோடு பேசவே மாட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "சரி, மேல அமுக்கியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அடுத்த ஞாயிறு முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் பாதி தூரம் வருவதற்குள் பாய் கடையையே மூடிவிட்டார். இன்று அந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த கேமைப் போனில் தேடினேன். யாரோ ஆடிக் காட்டிய வீடியோவாக மொத்தமும் இருந்தது, அடியில் ஆங்கில வசனத்தோடு. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேல் வரியின் முடிவையும் பார்த்துவிட்டு முரளிக்குப் போன் போட்டேன்.

"சொல்லாத மச்சா. நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். அதுவே இருக்கட்டும்."

"இன்னா நெனச்சு வச்சிருக்க?"

சிரித்தான். அதை அவனிடமிருந்து பிடுங்குவதென்றால் ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடவேண்டும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை உண்டு. எனக்கு டியூட்டி.