அம்மையின் கல்லறையில் ஓட்டிப் பார்த்த மெஷின்

இனி வளைகுடாவுக்குப் போக மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னது அது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் விடுப்பு முடிவதற்குள் பெட்டி கட்டியிருந்தேன். அதனால் அவள் மீன் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாக்கலாம்" என்றாள். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துப்போகும். அதற்குள் இங்கே ஒரு பிழைப்பை ஊன்றிக் காட்டவேண்டும். முடியாவிட்டால் மறுபடியும் விமானம் ஏறவேண்டியதுதான்.

பிழைப்பு என்னவென்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து எங்கள் கரை வரைக்கும் பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஏராளம். ஆள் வெளிநாட்டில், வீடு மழையில். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டும். மதில் பச்சையாகிவிடும், மொட்டைமாடி கறுத்துவிடும், முற்றத்துக் கல்லில் பாசி பிடித்துக் கால் வைக்க முடியாது. வீட்டுக்காரன் லீவில் வருவதற்கு முன்னால் அதையெல்லாம் கழுவிக் கொடுக்கவேண்டும். பதினாறு வருஷம் நான் அங்கே பார்த்த வேலையும் கழுவுவதுதான். லாரிப் பணிமனையில் பிரஷர் வாஷரைப் பிடித்துக்கொண்டு கிரீஸ் போகக் கழுவினேன். தொழில் தெரியும் என்ற தெம்பு இருந்தது. அது தெம்பா திமிரா என்று அப்போது யோசிக்கவில்லை.

மெஷின் வாங்க மனைவியோடு கோட்டாற்றுக்குப் போனேன். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கரண்டில் ஓடும் சின்னது, நூற்று முப்பது பார் அழுத்தம். இன்னொன்று பெட்ரோலில் ஓடுவது, இரண்டு சக்கரம், கயிற்றை இழுத்துக் கிளப்பவேண்டும், இருநூற்றைம்பது பார். சின்னதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அதை வைத்து எங்கள் சூப்பர்வைசர் தன் செருப்பைக்கூடக் கழுவமாட்டார்.

"எதக் கழுவணும்? அத முதல்ல சொல்லும்" என்றார் கடைக்காரப் பாய்.

"எல்லாத்தையும்" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா, நீங்க அங்க கழுவினது லாரியாக்கும். இஞ்ச கழுவப்போறது வீடு. நம்ம சுவரெல்லாம் உப்புக்காத்து தின்ன சுவரு. கை வச்சாலே உதிரும்."

"உனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். கடையில் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பாய்க்குத்தான் சங்கடமாகிவிட்டது. "பெரிச ஒரு நாள் கொண்டுபோயி ஓட்டிப் பாரும். ஒத்து வரலேன்னா நாளைக்குத் திருப்பிக் கொண்டு வாரும்" என்றார்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதற்கு எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் எங்கள் கரைச் சனம் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். புல் பிடுங்குவதும், தேங்காய் நார்ச் சவுரி போட்டுப் பாசி தேய்ப்பதும், வெள்ளை அடிப்பதுமாக வீட்டுக்கு ஒருவராவது நிற்பார்கள். அங்கே மெஷினைக் கிளப்பினால் விளம்பரமே வேண்டாம். முதலில் அம்மையின் கல்லறையைக் கழுவுவது, அதைப் பார்த்து மற்றவர்கள் கூப்பிடுவார்கள். இப்படி ஒரு புத்தி எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் கூசுகிறது.

அம்மை செத்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். குழிக்குள் பெட்டியை இறக்கும்போது நெட் போய்விட்டது. பிறகு நான் அங்கிருந்து அனுப்பிய பணத்தை வைத்து அக்காதான் நின்று கல்லறை கட்டினாள். சிமென்ட் பூசி வெள்ளை அடித்து, வள்ளங்களுக்குப் பேர் எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து, சிலுவைக்குக் கீழே அம்மையின் பேரைக் கறுப்பு எனாமலில் எழுத வைத்தாள். எழுத்துக்குப் பின்னால் நிழலெல்லாம் போட்டு அழகாக எழுதியிருந்தார்.

நான் மெஷினோடும் தண்ணீர் டிரம்மோடும் போனபோது அக்கா அங்கே புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "இது என்னலே?" என்றாள். "தள்ளி நின்னு பாரு" என்றேன்.

குழாய் முனையில் மாட்டுகிற நாசில் ஐந்து நிறத்தில் கொடுத்திருந்தார்கள். வெள்ளையைப் போட்டால் தண்ணீர் விசிறியாக விரியும். சிவப்பைப் போட்டால் ஊசிபோல ஒரே கோடாகப் பாயும். லாரிக்கு நான் சிவப்பைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை, கை தானாகவே அதை எடுத்து மாட்டியது. கிளப்பினேன். கால்மாட்டில் இருந்த பாசி, பாலில் ஆடை வழிப்பதுபோலப் போனது. சத்தம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். "ஏ மக்கா, கொள்ளாமே!" என்று யாரோ மெச்சிக் கத்தினார்கள். அது போதாதா எனக்கு? கிட்டே போய்ச் சிலுவைப் பக்கம் இரண்டு இழுப்பு இழுத்தேன். அக்கா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். நிறுத்தினதும்தான் கேட்டது.

"அம்மைக்க பேரு எங்கலே?"

பார்த்தேன். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. பூச்சே பெயர்ந்து உள்ளே மணல் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் திரும்பி அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடக்கத்துக்கு வராதவன், வந்ததும் வராததுமாகப் பேரையும் அழித்துவிட்டேன். எல்லார் முன்னாலும் அழுதேன். அக்கா புல்லை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "டிக்கெட் பாக்கேன்" என்றேன்.

அவள் "பாருங்க" என்றாள். "அம்மைக்க பேர எழுதி வச்சிட்டுப் பாருங்க."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போய்ப் பெயர்ந்த இடத்தில் சாந்து பூசினோம். அது காய்வதற்குள் பெரிய மெஷினைக் கோட்டாற்றில் திருப்பிக் கொடுத்தோம். பாய் வாங்கி ஓரமாக வைத்தார், நடந்ததை என் மூஞ்சியே சொல்லியிருக்கும். நான் சின்ன மெஷின் பக்கம் திரும்பாமல் வாசலிலேயே நின்றேன். மனைவிதான் உள்ளே போய் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இத எனக்கும் தூக்கிட்டு வர முடியும்" என்றாள். நானும் வருகிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். பதினாறு வருஷத்தில் என்னோடு வேலைக்கு வருகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. அந்த மெஷினையே எடுத்தோம்.

பேர் எழுதுகிறவர் வேலையாகக் கொல்லம் பக்கம் போயிருந்தார், திருநாள் முடிந்துதான் வருவாராம். அதனால் நானே பிரஷ் பிடித்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மனைவி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, முழங்கால் ஊன்றி எழுதினேன். மூன்றாவது எழுத்திலேயே வரி மேலே ஏறிவிட்டது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் சிறிதாக ஒடுக்கினேன். நிழல் போடுகிற தைரியம் வரவில்லை.

கல்லறைத் திருநாள் அன்றைக்கு அக்கா பூவும் மெழுகுதிரியுமாக வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியிருக்கவில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேரையே வெகுநேரம் பார்த்தாள்.

"கோணிப் போச்சுக்கா" என்றேன். "அவரு வந்ததும் அழிச்சிட்டு நல்லா எழுதச் சொல்லுகேன்."

"ஒண்ணும் அழிக்காண்டாம்" என்றாள் அக்கா. குனிந்து திரியைக் கொளுத்தினாள். "அம்மைக்கு எழுத்து தெரியாதுலே. கோணலா நேரான்னு அவ கண்டாளா? நீ இஞ்ச நின்னு எழுதின. அது போதும்."