பந்தலுக்கு அடியில் ஒரு மழைமானி

எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல. கடல் நீரோட்டங்கள் நெடுங்காலத்தில் எப்படி மாறுகின்றன என்று கவனிக்கும் ஆய்வுக்குழுவில் என் மனைவி கௌசல்யா இருந்தாள். கடலிலேயே அளந்த கணக்கு சில வருடங்களுக்குத்தான் இருந்தது. அதற்கு முந்தைய நிலையைப் பழைய மழைக் கணக்கை வைத்து ஊகிக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தினமும் மழையை அளக்கிறார்கள்.

அப்படி ஒரு தோட்டத்துக் கணக்கில் அவளுக்கு ஒன்று சிக்கியது. ஆண்டுதோறும் சித்ரா பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மழையே இல்லை. முன்னும் பின்னும் கொட்டுகிறது. பௌர்ணமியில் கடல் பொங்கும்; அப்படியென்றால் இந்த மழை நிற்பதற்கும் காரணம் கடல்தானே? அடுத்த வாரக் கூட்டத்தில் சொல்லப்போகிறாள், அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. அதற்குள் மழைமானி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றாள்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அத்தனை வளைவிலும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பிரிஞ்சாங்கில் கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி எங்களைத் தோட்டத்தில் விட்டது.

மழைமானி மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தது. அதற்கு மேலேயே சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பந்தலுக்குக் கித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கித்தான்மேல் மழை சடசடவென்று அடித்தது. மழைமானியில் ஒரு சொட்டு விழவில்லை.

“வருசா வருசம் இங்கதான் பந்தலா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. மூணு நாள்தான், அப்புறம் பிரிச்சிருவோம் லா,” என்றார் கங்காணி முனியாண்டி. “ஆபீஸ் கிராணி தெனமும் காலையில வந்து டின்ல இருக்கறத அளந்து எழுதுவாரு. அந்த மூணு நாளு டின் காஞ்சு கெடக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முனியாண்டிக்கும் மனசு கேட்கவில்லை.

“டின்ன அந்தாண்ட நவுத்தி வச்சிரவாம்மா?”

“வேணாம்ணே. எடம் மாறினா பழைய கணக்கோட ஒப்பிட முடியாது.”

அம்மன் பந்தலை நகர்த்துவதாவது? கோயில்காரர்கள் கூடிப் பேசி, மழைமானிக்கு மேலே மட்டும் கித்தானை நன்றாக அகலமாக விலக்கிக் கட்டினார்கள்.

போகிறவர்களுக்கு: சித்திரையில் பிற்பகல் மழையை நம்பலாம், குடை வேண்டும். பஸ்ஸில் முன் இருக்கை பிடியுங்கள். தோட்டத்துத் திருவிழாவுக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள்.

மறுநாள் தீபாராதனையின்போது மழை பிடித்தது. திறப்புக்கு அடியில் இருந்தவர்கள் தொப்பலாக நனைந்தும் கும்பிட்டபடி நின்றார்கள். அடுத்த நாள் காலையில் கிராணி அளந்து எழுதினார். திருவிழா நாளுக்கு மழை பதிவானது அதுவே முதல் முறை. தன் கண்டுபிடிப்பைப் பொய்யாக்கிய அந்த எண்ணைக் கௌசல்யா தன் கையாலேயே குறித்துக்கொண்டாள். கூட்டத்தில் அதைத்தான் முதலில் வாசித்தாள்.